மூணே முக்கால் நாள் சாட்சி

சிரியாவின் கடற்கரைக்கு எதிரே அர்வாத் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பழைய பெயர் அராடஸ். பினீசியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். குடிதண்ணீர் பெரும்பாலும் எதிர்க்கரையிலிருந்துதான் வரவேண்டும். சண்டை வந்து கரை எதிரியிடம் போய்விட்டால் என்ன செய்வது? சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார். தீவுக்காரர்கள் படகில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். ஈயத்தில் செய்த, வாய் அகன்ற புனல் ஒன்றைக் கவிழ்த்துக் கடலடி வரை இறக்குவார்கள். புனலின் குறுகிய முனையில் தோலால் ஆன நீளமான குழாய் கட்டியிருக்கும். முதலில் குழாய் வழியே வருவது உப்புத் தண்ணி. கொஞ்சம் பொறுத்தால் நல்ல தண்ணி. பானைகளை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஹவாய்த் தீவில் புனலுஉ என்றொரு கடற்கரை உண்டு. கறுப்பு மணலுக்குப் பேர்போனது. அந்தப் பெயருக்கே 'மூழ்கி எடுக்கும் ஊற்று' என்றுதான் பொருள். அந்தக் காலத்து ஹவாய் மக்கள் சுரைக்குடுக்கையோடு கடலுக்குள் மூழ்கி, அடியில் ஊறும் நன்னீரைப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மேலே வருவார்களாம். ஊர்ப்பெயரே ஒரு நீர்வள ஆய்வறிக்கை.

நமக்கும் இது புதிதில்லை. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் நடைபாலம் போட்டு, அதன் முனையில் ஒரு கிணறு. சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. நான் அங்கே வாளியில் இறைத்த தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் கடல். வாயில் உப்புக் கரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கீரிமலையிலும் அப்படித்தான். கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறை வழியே நன்னீர் ஊறுகிறது. இதெல்லாம் போகட்டும், கடலோரக் கிராமங்களில் மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, நிலத்துத் தண்ணீர் கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது என்று யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

ஆனால் கடலியலுக்கு இந்தச் சேதி வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆறுகள் கடலில் கலப்பதை அளந்தார்கள், மழையை அளந்தார்கள், ஆவியாவதை அளந்தார்கள். நிலத்துக்கு அடியிலிருந்து கடலுக்குள் நேராகக் கசியும் நீரை மட்டும் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். காரணம் எளிமையானது. ஆற்றுக்கு ஒரு முகத்துவாரம் இருக்கிறது. அங்கே போய்க் கருவி வைக்கலாம். கசிவுக்கு முகவரி கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டுகிடக்கும் கரையின் மணல் முழுக்க, பாறை இடுக்கு முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக வரும். வந்த மறுகணமே கடலோடு கலந்துவிடும்.

1980இல் ராபர்ட் ஜோஹானஸ் என்ற கடல் உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக் கடலோரத்தை முன்வைத்து, நிலத்தடி நீர் கடலுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் நைட்ரேட்டைப் பற்றிப் பேசிய கட்டுரை. கடலோர உயிர்களின் வாழ்க்கையில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத நீருக்குப் பெரிய பங்கு உண்டு, நாம் அதை எண்ணிப் பார்க்கவேயில்லை என்பது அதன் சாரம். இதே ஜோஹானஸ்தான் அடுத்த ஆண்டே, பலாவ் தீவின் மீனவர்கள் மீன்களைப் பற்றியும் நிலவைப் பற்றியும் அறிந்துவைத்திருந்ததைத் தொகுத்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. மீனவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பழகிய ஆளுக்குத்தான், ஊற்றைப் பற்றியும் கேட்கத் தோன்றும்.

சரி, இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் கதைக்குள் ஒரு வாயு நுழைகிறது.

*

1899இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரதர்ஃபோர்டும் ஓவன்ஸும் தோரியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அளவீடுகள் நிலையாக நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருந்தால் ஒரு எண், மூடியிருந்தால் இன்னொரு எண். காற்று அடித்தால் கதிரியக்கம் குறைகிறது! தோரியத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியே வருகிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போகிறது என்று புரிந்தது. ரதர்ஃபோர்டு அதற்கு 'வெளிப்பாடு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். 1900இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிரீட்ரிக் எர்ன்ஸ்ட் டோர்ன் ரேடியத்திலிருந்தும் அப்படி ஒன்று வருவதைக் குறித்தார். மறு ஆண்டு ரதர்ஃபோர்டும் அவருடைய மாணவி ஹாரியட் புரூக்ஸும் சேர்ந்து, அது கனமான ஒரு வாயு என்று காட்டினார்கள். புரூக்ஸின் பெயர் பாடப்புத்தகங்களில் அவ்வளவாக வருவதில்லை. அந்த வாயுவை இன்று நாம் ரேடான் என்கிறோம்.

நம் கதைக்கு முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்ததுதான். 1903 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், அதாவது எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த அதே தாம்சன், குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதிலிருந்து வரும் காற்றைச் சோதித்தார். அதில் கதிரியக்கம் இருந்தது. ஆழத்துக் கிணற்று நீரில் இந்த வாயு கலந்திருக்கிறது. திறந்துவைத்தால் ஓடிப்போகிறது. பூமிக்குள்ளிருந்து வந்த நீர் என்பதற்கு நீரே தன்னோடு ஒரு அடையாளச் சீட்டை எடுத்து வருகிறது என்பதை அன்றைக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை. மாறாக, ஊற்றுநீரின் மருத்துவ மகிமைக்கு இதுதான் காரணம் என்று கிளம்பிவிட்டார்கள். வீட்டிலேயே தண்ணீரில் ரேடான் ஏற்றித் தரும் ஜாடிகள் அமெரிக்காவில் விற்றன. ரேடியம் கரைத்த தண்ணீரைப் புட்டி புட்டியாகக் குடித்த எபென் பையர்ஸ் என்ற பணக்காரர், தாடை எலும்பு உதிர்ந்து 1932இல் செத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மோகம் தணிந்தது.

ரேடான் எங்கிருந்து வருகிறது? பாறையிலும் மண்ணிலும் எங்கு பார்த்தாலும் துளி யுரேனியம் இருக்கும். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகும். ரேடியம் சிதைந்தால் ரேடான். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள், ஆகையால் சப்ளை நிற்காது. ரேடானின் அரை ஆயுள் 3.82 நாள். மூணே முக்கால் நாளுக்குச் சற்றுக் கூட. இன்றைக்கு நூறு அணு இருந்தால் நாலாம் நாள் ஐம்பதுக்கும் குறைவு, அடுத்த நாலாம் நாள் அதிலும் பாதி. அது ஒரு மந்த வாயு. எதோடும் வினை புரியாது, எந்த உயிரும் அதைத் தின்னாது, மணலில் ஒட்டாது. பாறை இடுக்கில் நாள்கணக்கில் நிற்கும் நீரில் ரேடான் சேர்ந்துகொண்டே போய், சுமார் மூன்று வாரத்தில் உச்ச அளவை நெருங்கிவிடும். கடலின் மேற்பரப்பு நீரிலோ ரேடான் மிகக் கொஞ்சம். இருப்பதும் காற்றில் ஓடிவிடும். நிலத்தடி நீரிலுள்ள ரேடான் கடல்நீரில் உள்ளதைப்போல நூறு மடங்கு, பல இடங்களில் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு அண்டா மோரில் நாலு சொட்டு மை விழுந்தால் தெரியுமே, அதுபோலத்தான்.

1960களில் வாலஸ் புரோக்கர் ஆழ்கடலில் ரேடானை அளந்தார். அவருடைய கேள்வி வேறு: கடலடி நீர் எப்படிக் கலங்குகிறது, மேற்பரப்பில் வாயுக்கள் காற்றோடு எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. கரையோரத்துக் கசிவைத் தேட ரேடானைப் பிடித்தவர்கள் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக் கூட்டம். ஜெய் கேபிள், பில் பர்னெட், ஜெஃப்ரி சாண்டன் முதலியோர் மெக்சிகோ வளைகுடாவின் வடகிழக்குக் கரையில் ரேடானை வைத்து நிலத்தடி நீரின் அளவைக் கணக்கிட்டு 1996இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வில்லார்ட் மூர், ரேடியத்தை வைத்து, அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் நிலத்தடியிலிருந்து வரும் நீர் அங்குள்ள ஆறுகள் கொண்டுவரும் நீரில் சுமார் 40 சதவீத அளவுக்கு இருக்கும் என்று அறிவித்தார். பூஜ்யம் என்று வைத்திருந்த இடத்தில் நாற்பது. கணக்குப் புத்தகத்தையே திருத்தவேண்டி வந்தது.

*

ஆரம்பத்தில் ரேடானை அளப்பது பெரிய பாடு. குடுவையில் நீர் பிடித்து, சீல் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு ஓடவேண்டும். வழியில் பாதி அழிந்துவிடும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். ஐஸ்கட்டியை வெயிலில் தூக்கிப் போகிற கதைதான்.

நிலைமையை மாற்றியது வேறொரு பீதி. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், நிலையத்தின் கதிரியக்கச் சோதனை வாசலைத் தாண்டும்போது அலாரம் அடித்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த நிலையம் அப்போது இன்னும் இயங்கவே ஆரம்பிக்கவில்லை. கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்து சுமந்து வந்திருந்தார்! தரைக்கு அடியிலிருந்து வீட்டுக்குள் ரேடான் ஏறிக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய் பயத்தில் அமெரிக்க வீடுகளில் ரேடான் சோதிப்பது வழக்கமாயிற்று. வீட்டுக் காற்றைச் சோதிக்கப் பயன்பட்ட கையடக்கக் கருவிகளைக் கடல்காரர்களும் படகில் ஏற்றினார்கள்.

அதிகம் புழங்கும் கருவியின் பெயர் ரேட்-7. ஒரு சூட்கேஸ் அளவு. வேலை செய்யும் விதம் இதுதான்: ஒரு பம்ப் கடல்நீரை இறைத்து ஒரு உருளைக்குள் பூவாளி மாதிரி தெளிக்கும். தெளிக்கும்போது நீரிலுள்ள ரேடான் உள்ளே அடைபட்ட காற்றுக்குத் தாவும். அந்தக் காற்று, ஈரம் உறிஞ்சும் நீலக் குருணை வழியாகப் போகும். ஈரம் ஏறினால் குருணை ரோஸ் நிறமாகிவிடும், மாற்றிவிட வேண்டும். பிறகு காற்று ஒரு அரைக்கோள அறைக்குள் போகும். அங்கே இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். ரேடான் சிதைந்து பொலோனியம் பிறந்த உடனே, மின்னேற்றம் கொண்ட அந்தப் பொலோனிய அணுவை மின்புலம் தள்ளிக்கொண்டுபோய் ஒரு சிலிக்கான் தகட்டில் ஒட்டவைக்கும். அது சிதையும்போது விடும் ஆல்ஃபா துகளைத் தகடு எண்ணும். துகளின் ஆற்றலை வைத்து, வந்தது ரேடானின் பிள்ளையா, தோரியத்து வாயுவின் பிள்ளையா என்றுகூடப் பிரித்துவிடலாம்.

ஆக, அரைமணிக்கு ஒரு எண் வரும். கருவியைக் கரையோரம் நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஓடவிடலாம். படகில் வைத்துக்கொண்டு கரையை ஒட்டி மெல்லப் போகலாம். 2003இல் பர்னெட்டும் அவரது மாணவி ஹென்ரியட்டா துலாயோவாவும் இந்தத் தொடர் அளவீட்டிலிருந்து கசிவைக் கணக்கிடும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். துலாயோவா பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கதையும் அங்கேதான் போகப்போகிறது.

அந்தக் கணக்கு குடும்ப வரவு செலவு போன்றதுதான். பவளத்திட்டுக்கு மேலே நிற்கும் நீரை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு என்ன? காற்றில் ஓடிப்போகும் ரேடான். காற்று பலமாக வீசினால் அதிகம் போகும். தானாகச் சிதையும் ரேடான். வெளிக்கடலோடு கலந்து போகும் ரேடான். தெரிந்த வரவு என்ன? அடிமணலிலிருந்து ஊறும் சிறு அளவு. கடல்நீரிலேயே கரைந்திருக்கும் ரேடியம் பெற்றுப்போடும் கொஞ்சம். வெளியிலிருந்து அலையேற்றம் கொண்டுவருவது. செலவையும் இருப்பையும் கூட்டித் தெரிந்த வரவைக் கழித்தால் மிஞ்சுவது, கணக்கில் வராத வரவு. அதை அந்த ஊர்க் கிணற்று நீரிலுள்ள ரேடான் அளவால் வகுத்தால் எவ்வளவு நிலத்தடி நீர் வந்தது என்று தெரியும். பெரும்பாலான கரைகளில் கடல் வற்றும் நேரம் ரேடான் ஏறும், பொங்கும் நேரம் இறங்கும். கடல் பின்வாங்கும்போது மேலிருந்து அழுத்தும் பாரம் குறைகிறது, நிலத்து நீர் வெளியே பாய்கிறது.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. வகுக்கும் எண்ணை, அதாவது கிணற்று நீரின் ரேடானை, எந்தக் கிணற்றில் எடுப்பது? நூறடி தள்ளி இன்னொரு கிணற்றில் எடுத்தால் விடை இரட்டிப்பாகலாம். அடுத்தது, கடல்நீரே மணலுக்குள் புகுந்து சில நாள் தங்கி வெளியே வந்தாலும் ரேடான் ஏறியிருக்கும். ரேடானுக்கு உப்புத் தண்ணி, நல்ல தண்ணி பேதம் கிடையாது. ஆகவே உப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஐ.நா.வின் யுனெஸ்கோவும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து, பெர்த், சிசிலி, பிரேசில், மொரீஷியஸ் என்று பல கரைகளுக்கு ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரே இடத்தில் எல்லா முறைகளையும் போட்டிபோட வைத்தன. ரேடான் நன்றாகவே தேறியது.

*

இனி மாவி. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவு. அதன் மேற்குக் கரையில் லஹைனா, ஒருகாலத்தில் ஹவாய் அரசின் தலைநகர். அதற்கு வடக்கே விடுதிகள் வரிசைகட்டி நிற்கும் கானபாலி. அதை ஒட்டி கஹேகிலி கடற்கரை. மாவியின் கடைசி அரசர்களில் பெரியவரின் பெயர். கரையிலிருந்து நீந்தியே போய்ப் பார்க்கக்கூடிய பவளத்திட்டு.

விடுதிகள் வந்தால் கழிவறைகள் வரும். கவுண்டி நிர்வாகம் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி பாசனத்துக்குப் போனது. மீதியை, 1980களின் தொடக்கத்திலிருந்து, ஆழமான கிணறுகளில் இறக்கினார்கள். நான்கு கிணறுகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கேலன், நம் கணக்கில் ஒன்றரைக் கோடி லிட்டர். கிணற்றிலிருந்து கடல் ஏறத்தாழ அரை மைல். எரிமலைப் பாறை, ஓட்டை ஒடிசல் நிறைந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதில் ரகசியம் எதுவும் இல்லை. நிலையத்துக்காக 1973இல் எழுதிய சுற்றுச்சூழல் அறிக்கையிலேயே, அது கடைசியில் கடலுக்குத்தான் போய்ச் சேரும் என்று இருந்தது.

1989லும் 1991லும் மேற்கு மாவிக் கரையில் பாசி பொங்கியது. கரையில் குவிந்து அழுகி நாறியது. கஹேகிலியில் 1990களின் நடுவில் திட்டின் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் மூடியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கரையோரம் நீந்துகிறவர்கள் கடலடியில் குமிழிவிடும் இடங்களைப் பார்த்தார்கள். கை வைத்தால் வெதுவெதுப்பு. பக்கத்துக் கற்கள் கறுப்பேறிக் கிடந்தன. 'இது அந்தத் தண்ணிதான்' என்று ஊரில் சொன்னார்கள். 'நிரூபியுங்கள்' என்பது பதில். 1990களின் தொடக்கத்தில் கிணற்றில் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். தெளிவான விடை கிடைக்கவில்லை. கிடைக்காத விடை யாருக்குச் சாதகம் என்று சொல்லவேண்டியதில்லை.

முதலில் வாய் திறந்தது பாசி. மேகன் டெய்லர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மாவி முழுக்கப் பாசி சேகரித்து, அதிலுள்ள நைட்ரஜனில் கனமான வகை எவ்வளவு என்று பார்த்தார்கள். கழிவுநீரில் பாக்டீரியாக்கள் லேசான நைட்ரஜனை முதலில் தீர்த்துவிடுவதால், மிச்சத்தில் கனமானது தூக்கலாக இருக்கும். பாசி அதைத் தின்று தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். 2010இல் வெளியான அந்த ஆய்வில் கஹேகிலிப் பாசியின் எண் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

அதே ஆண்டு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் பீட்டர் ஸ்வார்ஜென்ஸ்கி குழு ரேடான் கருவிகளோடு கஹேகிலிக்குப் போனது. அடுத்து ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் கிளென் தலைமையில் பெரிய ஆய்வு தொடங்கியது. அதில் டெய்லரும் துலாயோவாவும் இருந்தார்கள். ரேடான் தன் வேலையைச் செய்தது. ஆமாம், இங்கே நிலத்தடி நீர் வருகிறது. இந்த இடங்களில் வருகிறது, இவ்வளவு வருகிறது.

ஆனால் ஒரு கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. யார் வீட்டுத் தண்ணீர்? மலையில் பெய்த மழையா, கழிவுக் கிணற்றில் இறக்கியதா? ரேடான் பாறையின் சீட்டு. நீர் எந்த வாசல் வழியே பூமிக்குள் போனது என்று அதில் எழுதியிருக்காது. அதுவும் மூணே முக்கால் நாள் செல்லுபடியாகும் சீட்டு. கிணற்றடியில் நீர் ஏற்றிக்கொண்ட ரேடான் வழியிலேயே அழிந்து, கடைசி சில வாரங்களில் கடந்த பாறையின் ரேடான்தான் ஊற்றில் வெளிவரும். சாட்சி வந்து, 'ஆள் வந்தது நிஜம், நான் பார்த்தேன்' என்கிறது. 'பேர் தெரியாது' என்கிறது.

பேர் சொல்லச் சாயம் வேண்டும். இதற்கு ஒரு பழைய வழக்கு முன்னோடி. ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து கோடையில் காணாமலே போய்விடும். தெற்கே ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று பீறிடும், அது ரைன் ஆற்றுக்குப் போகும். டான்யூப் தண்ணீரைத்தான் ஆக் ஊர்க்காரர்கள் அனுபவிக்கிறார்களா என்று இரு பக்கத்து ஆலை முதலாளிகளுக்கும் தகராறு. 1877இல் அடால்ஃப் நாப் என்ற பேராசிரியர் டான்யூப் புதையும் இடத்தில் டன் கணக்கில் உப்பையும், அப்போது கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஃப்ளோரசீன் சாயம் 10 கிலோவையும் கொட்டினார். சுமார் 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. சண்டை அதோடு நிற்கவில்லை, அரை நூற்றாண்டு கழித்து 1927இல் மாநிலங்களுக்கு இடையே வழக்காகவே நடந்தது. ஆனால் யார் தண்ணீர் என்ற கேள்வி முடிந்துவிட்டது.

2011 ஜூலை 28 அன்று லஹைனா நிலையத்தின் மூன்றாம், நான்காம் கிணறுகளில் அதே ஃப்ளோரசீனைக் கலந்தார்கள். இரண்டாம் கிணற்றில் வேறொரு சிவப்புச் சாயம். கஹேகிலி ஊற்றுகளில் தினமும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் போயிற்று. 84ஆம் நாள் ஃப்ளோரசீன் வந்தது. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும் அளவு. பிறகு ஏறிக்கொண்டே போயிற்று. சராசரியாக ஒரு சொட்டு கிணற்றிலிருந்து கடலுக்கு வர 15 மாதம் என்று கணக்காயிற்று. அந்த இரண்டு கிணறுகளில் இறக்கியதில் 64 சதவீதம் அந்த ஊற்றுகள் வழியே வெளிவருகிறது. இரண்டாம் கிணற்றின் சிவப்புச் சாயம் மட்டும் வந்துசேரவேயில்லை.

84 நாளை ரேடான் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 22 அரை ஆயுள். கிணற்றில் 42 லட்சம் ரேடான் அணு புறப்பட்டால் கடலுக்கு வரும்போது ஒன்று மிஞ்சும். ரேடானால் ஏன் பேர் சொல்ல முடியாது என்பது இதைவிடத் தெளிவாக விளங்காது. அதேபோல, சாயத்தால் மொத்த ஊற்று எவ்வளவு என்று தனியாகச் சொல்ல முடியாது. அதற்கு ரேடான் போன்ற இன்னொரு அளவு வேண்டும்.

*

2012இல் நான்கு சூழலியல் அமைப்புகள் வழக்குப் போட்டன. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டப்படி, குழாய் போன்ற ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து நீர்நிலைக்குள் மாசு விடுவதற்கு அனுமதி வாங்கவேண்டும். கவுண்டியின் வாதம் என்ன தெரியுமா? எங்கள் குழாய் கடலில் முடியவில்லை, கிணற்றில் முடிகிறது. அங்கிருந்து கடலுக்குப் போவது நிலத்தடி நீர், அது குழாய் இல்லை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சட்டத்தின் வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் அதற்கும் இடமிருந்தது. மூன்று நீதிபதிகள் கடைசிவரை ஏறத்தாழ அந்தப் பக்கம் நின்றார்கள். பதில் வாதத்துக்கும் பயப்படக் காரணம் இருந்தது. கடலுக்குப் போவதெல்லாம் குற்றம் என்றால் வீட்டு செப்டிக் டேங்க் வைத்திருப்பவன் எல்லாம் அனுமதி வாங்கவேண்டுமா?

2014இல் நீதிபதி சூசன் ஓகி மால்வே கவுண்டிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2019 செப்டம்பரில் கவுண்டி கவுன்சில் 5க்கு 4 என்ற வாக்கில், சமரசம் செய்து வழக்கைத் திரும்பப் பெறலாம் என்று முடிவெடுத்தது. மேயர் மறுத்துவிட்டார். பல மாநிலங்களும் தொழிற்துறையும் இந்த வழக்கில் கவுண்டி ஜெயிக்கவேண்டும் என்று காத்திருந்தன. ஒரு சின்னத் தீவின் கழிவுநீர், நாடு முழுக்க யார் எதை பூமிக்குள் இறக்கலாம் என்ற கேள்வியாக ஊதிப் பெருத்துவிட்டிருந்தது.

2020 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பு. 6க்கு 3. நீதிபதி ஸ்டீபன் பிரேயர் எழுதினார். நேராகக் கடலில் விடுவதற்குச் செயலளவில் சமமாக இருந்தால் அனுமதி வேண்டும். கடற்கரைக்குச் சில அடி முன்னால் குழாயை நிறுத்திவிட்டு மிச்சத்தை மணல் வழியே விட்டால் தப்பிக்க முடியாது. ஐம்பது மைல் தள்ளி விட்டு, பல ஆண்டு கழித்து, வேறு பலவற்றோடு கலந்து வந்தால் ஒருவேளை அனுமதி வேண்டியிருக்காது. நடுவில் இருப்பவற்றுக்கு அவர் பல அளவுகோல்களைச் சொன்னார். பெரும்பாலும் முதன்மையானவை இரண்டு: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நிமிடம் படிப்பை நிறுத்தத் தோன்றியது. நேரமும் தூரமும் நீரியல்காரர்களின் கேள்விகள். எந்தப் பாறையில் எவ்வளவு வேகம், எவ்வளவு கலப்பு, வழியில் என்ன மாறுகிறது. நிலத்தடி நீர் பூஜ்யம் என்று எழுதிவந்த அறிவியலிடம், நாற்பது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் நாள்கணக்கும் அடிக்கணக்கும் கேட்கிறது. ஒரு வழக்கில் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பேராசிரியர்களும் மாணவர்களும் மாதக்கணக்கில் கடலில் இறங்கிப் புட்டியில் நீர் பிடித்தது. அப்படிப் பிடிக்க ஆளோ பணமோ இல்லாத கரைகளில் வெதுவெதுப்பைக் கையால் உணர்ந்தவர்களின் பேச்சு எந்த நீதிமன்றத்திலும் ஏறாது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளுக்கு எதிரேயும் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களிலும் கழிவறைகள் இருக்கின்றன.

வழக்கு மறுபடி மால்வேயிடம் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அளந்தார். அரை மைல், 84 நாள், வெளிவரும் நீரின் அளவு எல்லாம் அந்தத் தராசில் ஏறின. 2021 ஜூலையில், கவுண்டி அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்.

இதற்கிடையே 2017இல், கஹேகிலிப் பவளங்களை வெட்டி உள்ளே பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஊற்றுக்கு அருகில் வளர்ந்த பவளத்தின் எலும்புக்கூட்டைத் துளையிடும் உயிரிகள் கூடுதலாக அரித்திருந்தன. வெளியே பார்த்தால் கல் மாதிரி நிற்கும். உள்ளே செல்லரித்த பலகை.